மலையக நகரங்களில் அழகான, கட்டுப்படியான ஹோட்டல் அறையைத் தேடுவது எப்படி? வார இறுதிப் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் வார இறுதிக்கு அறை தேடும் பெரும்பாலானோர், முன்பதிவுத் தளமொன்றைத் திறந்து, ஊரின் பெயரைக் கொடுத்து, விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, படங்களைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அந்த வழியில் நல்ல அறை அமைவது தற்செயல்தான். அறையின் விலையை முதலில் தீர்மானிப்பவை ஊரும் தேதியும். அறையின் தரத்தைத் தீர்மானிப்பவை வெளிச்சம், ஈரமில்லாத சுவர், சுடுதண்ணீர், அமைதி ஆகிய நான்கும். முதல் இரண்டும் நம் கையில் இருக்கின்றன. மற்ற நான்கையும் படங்களைக் கவனமாகப் பார்த்தும் ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்தும் அறிந்துகொள்ளலாம். நீச்சல் குளம், பெரிய வரவேற்பு மண்டபம், பஃபே விருந்து, நட்சத்திர எண்ணிக்கை ஆகியவை கட்டணத்தை ஏற்றுகின்றன. ஓரிரு இரவுகள் மட்டும் தங்குபவருக்கு அவற்றால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. குளிரில் நடுங்கும் நுவரெலியாவில் சூடாக்கப்படாத நீச்சல் குளத்துக்காக ஒருவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

முதற்படி: ஊரைத் தீர்மானித்தல்

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் உறைக்கும். இரவில் மின்விசிறி போதும் என்ற அளவுக்குக் காற்று இதமாகும். 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்த நகரின் பழைய பகுதி சிறியது. ஏரி, தலதா மாளிகை, மத்திய சந்தை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம். பழைய கட்டடங்கள் நிறைந்த நகரமாகையால், அழகான அறை எல்லா விலையிலும் கிடைக்கக்கூடிய ஊரும் இதுதான். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து வருபவர்களுக்கு ஏ9 வீதியின் மறுமுனையே கண்டி. இரண்டு நாள் விடுமுறையில் அங்கிருந்து மேலும் 75 கிலோமீற்றர் வளைவுகளில் ஏறி நுவரெலியாவுக்குப் போனால், விடுமுறையின் பெரும்பகுதி வாகனத்துக்குள்ளேயே கழிந்துவிடும். அவர்கள் கண்டியோடு நின்றுகொள்வதே நல்லது. நுவரெலியாவுக்கு மூன்று நாட்களாவது வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் அதிகாலையில் புல்வெளியில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. ஆங்கிலேயர் காலத்துச் செங்கல் வீடுகள், கூர்மையான கூரைகள், கணப்பு அடுப்புகள், ரோஜாத் தோட்டங்கள் ஆகியவைதான் இந்த நகரின் அழகு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் இல்லமாக இருந்து ஹோட்டலாக மாறிய கிராண்ட் ஹோட்டலைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கேயே தங்க வேண்டும் என்பதில்லை. மாலைத் தேநீருக்கு அங்கே போய்விட்டு, பத்து நிமிட நடையில் உள்ள ஒரு சிறிய கெஸ்ட் ஹவுஸில் இரவைக் கழிக்கலாம். புகையிரதத்தில் வருபவர்கள் நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ எட்டு, ஒன்பது கிலோமீற்றர் பஸ்ஸிலோ முச்சக்கர வண்டியிலோ வர வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லவுக்குப் போக விரும்புபவர்கள் பண்டாரவளையில் தங்குவதை நான் பலமாகப் பரிந்துரைப்பேன். எல்லவின் அறைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பயணிகளை மனதில் வைத்து விலையிடப்பட்டவை. பண்டாரவளையோ நம் மக்கள் வியாபாரத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகும் டவுன். அங்கே அறை வாடகையும் சாப்பாட்டு விலையும் அதற்கேற்பவே இருக்கும். ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கண்டியின் வெயிலும் இல்லை, நுவரெலியாவின் நடுக்கமும் இல்லை. எல்ல அங்கிருந்து சுமார் 12 கிலோமீற்றர்தான். காலையில் போய் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். ஹப்புத்தளையும் இதேபோல எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஹட்டன், பதுளை, மாத்தளை போன்ற நகரங்களில் தெரிவுகள் குறைவு. ஹட்டனில் தங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையிலான சிவனொளிபாதமலைப் பருவத்தில், வார இறுதிகளில் அங்கே அறை கிடைப்பது சிரமம்.

இரண்டாம் படி: தேதியை வளைத்துப் பார்த்தல்

சனிக்கிழமை இரவுதான் வாரத்திலேயே விலை கூடிய இரவு. திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் ஞாயிறு பிற்பகல் வந்து திங்கள் புறப்பட்டால், அதே அறை பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். காலைச் சாப்பாட்டு மேசையிலும் நெரிசல் இருக்காது. போயா தினம் வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ வந்தால் நிலைமை தலைகீழ்: கொழும்பே மலையேறி வரும். ஆகவே பயணத் திட்டம் போடும்போது நாட்காட்டியில் முதலில் பார்க்க வேண்டியது போயா தினங்களைத்தான். அந்த நாளில் மதுபான விற்பனை இல்லை என்பது சிலருக்கு இடைஞ்சல். குடும்பத்தோடு அமைதியாகத் தங்க விரும்புபவர்களுக்கோ அதுவே நன்மை.

ஏப்ரல் மாதத்தில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் நுவரெலியாவைத் தவிர்த்துவிடுங்கள். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி ஏரிக் கொண்டாட்டங்கள் என்று நகரமே நிரம்பி வழியும் அந்த நாட்களில், சாதாரண அறையும் பல மடங்கு விலைக்குப் போகும். கண்டியில் எசல பெரஹெர நடைபெறும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களும் அப்படித்தான். பெரஹெரவைப் பார்ப்பதே நோக்கம் என்றால் மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். நோக்கம் ஓய்வு என்றால், பெரஹெர நிறைவடையும் நிக்கினி பௌர்ணமி கழிந்த பிறகு போங்கள்.

மழையின் கணக்கு வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், கினிகத்தேனை, நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். அந்த மாதங்களில் மலையின் மறுபக்கமான பண்டாரவளை, பதுளைப் பகுதி பெரும்பாலும் வறண்டிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று அந்தக் கிழக்குச் சரிவில் மழையைக் கொண்டுவரும். எனவே ஜூலையில் பண்டாரவளை, பெப்ரவரியில் கண்டி அல்லது நுவரெலியா என்று மாற்றி அமைத்துக்கொண்டால், மழையில் அறைக்குள் முடங்கும் வாய்ப்புக் குறையும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை எங்கும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளின் அழிவைக் கண்ட பிறகு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் எவரும் மலைக்குப் புறப்படக் கூடாது. எச்சரிக்கை நடைமுறையில் இருக்கும் பகுதி என்றால், முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். புகையிரதத்தில் போக எண்ணுபவர்கள், அந்தப் பாதையில் சேவை எந்த நிலையம் வரை நடக்கிறது என்பதையும் அறை பதிவு செய்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: நகருக்குள் இடம் தேர்தல்

கண்டியில் விலை குறைந்த அழகான அறைகள் பல, நகரைச் சூழ்ந்த குன்றுகளின் மேல் இருக்கின்றன. ராஜபிஹில்ல மாவத்தை, அனிவத்தை, பஹிரவகந்தை, ஹந்தானைப் பக்கங்களிலிருந்து பார்த்தால் ஏரியும் நகரமும் காலடியில் தெரியும். வரைபடத்தில் ‘நகர மையத்திலிருந்து 1 கிலோமீற்றர்’ என்று காட்டும் அந்த இடம், உண்மையில் செங்குத்தான ஏற்றமாக இருக்கும். முதியவர்களும் சிறுபிள்ளைகளும் உடன் வந்தால் ஒவ்வொரு தடவையும் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டிவரும். ஒரு நாளைக்கு நான்கு பயணம் என்றாலும் அந்தச் செலவு அறை வாடகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். சொந்த வாகனத்தில் வருபவர்கள் குன்றின் மேலும், பஸ்ஸிலும் புகையிரதத்திலும் வருபவர்கள் ஏரிக்கு அருகிலும் தங்குவது பொருத்தம். வேனில் வருபவர்கள் அந்த வீதியில் வேன் ஏறுமா, திருப்ப இடம் உண்டா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நுவரெலியாவில் கிரகரி ஏரியோரத்து அறைகளுக்கு விலை அதிகம். வார இறுதியில் இரைச்சலும் அதிகம். விக்டோரியா பூங்காவுக்கும் தபாலகத்துக்கும் நடந்து போகும் தூரத்தில், பிரதான வீதியிலிருந்து ஒரு திருப்பம் உள்ளே தள்ளி இருக்கும் பழைய வீடுகளைத் தேடுங்கள். ஹாவாஎலிய, கந்தப்பளை என்று தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும். ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு திரும்பி வர வாகனம் கிடைப்பது கடினம்.

நான்காம் படி: எந்த வகைத் தங்குமிடம்

பெரிய ஹோட்டல்களுக்கு வெளியே நான்கு வகை உண்டு. பழைய வாடி வீடுகள் முதல் வகை: இடம் அருமையாக இருக்கும், பராமரிப்பு ஊருக்கு ஊர் மாறும். குடும்பங்கள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ்களும் ஹோம்ஸ்டேக்களும் இரண்டாவது. விலைக்குத் தரம் என்று பார்த்தால் என் தெரிவு இவைதான். நகரத்து பழைய வீட்டை ஆறு, எட்டு அறைகளாகப் புதுக்கி ‘புட்டிக்’ என்று பெயரிட்டு நடத்துபவை மூன்றாவது. அழகு இங்கே அதிகம், அதற்கேற்ற விலையும் உண்டு. நான்காவது, அரச திணைக்களங்களின் சர்கிட் பங்களாக்கள். கண்டி, நுவரெலியா, பண்டாரவளை போன்ற இடங்களில் இவை இருக்கின்றன. அரச ஊழியர்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். வீட்டில் ஆசிரியரோ அரச உத்தியோகத்தரோ இருந்தால், வேறெங்கும் தேடுவதற்கு முன் அவருடைய திணைக்களத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

எந்த வகையாயினும், இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்ற இடமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முறைப்பாடு செய்ய நேர்ந்தால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கும்.

ஐந்தாம் படி: விலையை முழுவதுமாகக் கணக்கிடல்

விலையின் பின்னால் ‘பிளஸ் பிளஸ்’ என்று சொன்னால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். ஓர் அறை 15,000 ரூபா என வைத்துக்கொள்வோம். 10 சதவீதச் சேவைக் கட்டணம் 1,500. 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 18 சதவீத வற் வரி குறைந்தபட்சம் 2,700. ஆக, 15,000 என்று கேட்ட அறை 19,200க்குக் குறையாது. பக்கத்து ஹோட்டல் ‘எல்லாம் சேர்த்து 17,500’ என்று சொன்னால் அதுவே மலிவு. ஆகவே எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “எல்லாம் சேர்த்து, கையில் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு?”

அடுத்தது சாப்பாடு. அறை மட்டுமா, காலைச் சாப்பாட்டோடா, காலையும் இரவுமா, மூன்று வேளையுமா என்பதைப் பொறுத்து ஒரே அறைக்கு நான்கு விலை இருக்கும். கண்டியில் காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த அறை போதும். சைவச் சாப்பாட்டுக் கடைகள் நகரில் உண்டு, இரவில் வெளியே போய்ச் சாப்பிடுவதும் பயணத்தின் ஒரு பகுதிதான். நுவரெலியாவில் குளிரும் இருட்டும் சேர்ந்து இரவில் வெளியே போக மனம் வராது என்பதால், இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துப் பதிவு செய்வதே சிக்கனம். சைவம் மட்டும் உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கறிகள் கிடைக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்பதிவுத் தளங்களில் டொலரில் தெரியும் விலையும் உள்நாட்டவருக்கான விலையும் பல ஹோட்டல்களில் வேறு வேறு. புக்கிங் டொட் கொம், அகோடா போன்றவற்றில் ஹோட்டலைக் கண்டுபிடித்து, கூகுள் மேப்ஸில் அதன் தொலைபேசி இலக்கத்தை எடுத்து, நேரடியாக அழைத்து, தேசிய அடையாள அட்டை இருக்கிறது, உள்நாட்டவர் கட்டணம் என்ன என்று கேளுங்கள். தளத்துக்குச் செலுத்த வேண்டிய தரகுப் பணம் மிச்சமாவதால் விலையைக் குறைக்க உரிமையாளருக்கும் வழி இருக்கிறது. வாடகை வேனில் வருபவர்கள் சாரதிக்குத் தங்க இடமும் சாப்பாடும் உண்டா என்பதையும் இப்போதே பேசிவிட வேண்டும். இரவு முழுவதும் வாகனத்துக்குள் குளிரில் முடங்கிக் கிடந்தவர் மறுநாள் அந்த வளைவுகளில் உங்கள் குடும்பத்தை ஏற்றிச் செல்லக் கூடாது.

ஆறாம் படி: படங்களைப் படித்தல்

ஓர் அறையின் படத்தில் கட்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதலில் யன்னலைத் தேடுங்கள். பத்துப் படங்களிலும் கட்டிலும், அன்னம் போல் மடித்த துவாயும், பூவிதழ்களுமே இருந்து யன்னல் ஒன்றில்கூட இல்லையென்றால், அந்த அறையின் யன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். அடுத்து, கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே, சுவரும் தரையும் சேரும் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலையைக் குடைந்து கட்டிய கட்டடங்களில் ஈரம் அங்கிருந்துதான் ஏறும்: முதலில் வெள்ளைச் சுண்ணம் மாவாகப் பூக்கும், பிறகு பூச்சு உப்பும், பிறகு சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். ஹோட்டல் வெளியிட்ட படத்தில் அந்த மூலையை ஒரு மேசையோ திரைச்சீலையோ மறைத்திருந்தால், விருந்தினர்கள் போட்ட படங்களில் தேடுங்கள். மதிப்புரைகளைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, ‘ஈரம்’, ‘வாசனை’, ‘பூஞ்சை’ போன்ற சொற்களை ஆங்கிலத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். பருவமழைக் காலத்தில் எழுதப்பட்ட மதிப்புரைகளுக்கு இதில் தனி மதிப்பு உண்டு.

குளியலறைப் படம் இல்லாத ஹோட்டலை நான் கடந்து போய்விடுவேன். படம் இருந்தால், வெளிக்காற்று வரும் சிறு யன்னல் உண்டா, குளிக்கும் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ப் பிரதேசத்தில் முழுத் தரையும் நனையும் குளியலறை பெரும் அவதி.

அழகு என்பதற்கு என் அளவுகோல் எளிது: அந்த ஊரின் பொருளும் வேலைப்பாடும் அறையில் இருக்க வேண்டும். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா (1918–1998) கண்டிக் கைவினைஞர்களின் தும்பறைப் பாய் நெசவையும் அரக்கு வேலையையும் நவீன வீடுகளுக்குள் கொண்டுவந்து, உள்ளூர்ப் பொருளால் எவ்வளவு நேர்த்தி கூடும் என்பதைக் காட்டினார். இன்றும் பழைய மரத்தளம், உயர்ந்த கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, ஒரு தும்பறை நெசவு, மஞ்சள் ஒளி தரும் இரண்டு விளக்குகள் ஆகியவை ஓர் எளிய அறையை அழகாக்கப் போதும். மினுங்கும் தரை ஓடும் நீல நிற எல்ஈடி விளக்கும் போட்டு ‘லக்சரி’ என்று விலை சொல்லும் அறைகள் எந்த ஊரிலும் கிடைக்கும். மலைக்கு வந்து அவற்றில் தங்க வேண்டிய அவசியமில்லை.

ஏழாம் படி: ஒரு தொலைபேசி அழைப்பு

இந்த அழைப்பை எடுக்காமல் பணம் கட்டாதீர்கள். பின்வரும் கேள்விகளை இதே வரிசையில் கேட்கலாம். “சுடுதண்ணீர் ஹீட்டரா, சோலரா?” சோலர் மட்டும் என்றால் மழை நாளின் அடுத்த காலையில் தண்ணீர் குளிராகத்தான் வரும். “கரண்ட் போனால் ஜெனரேட்டர் அறைகளுக்கும் வருமா?” “நுவரெலியாக் குளிருக்கு அறை ஹீட்டர் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா, ஓர் ஆளுக்கு எத்தனை போர்வை?” கண்டி என்றால் போர்வைக்குப் பதிலாக ஏசியைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்த கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: “அந்தச் சனிக்கிழமை ஹோட்டலில் கல்யாணம் இருக்கிறதா?” மலையக நகர ஹோட்டல்கள் பலவற்றுக்குக் கல்யாண மண்டபமே முக்கிய வருமானம். முகூர்த்த நாள் என்றால் பாட்டும் வாகன நெரிசலும் நாள் முழுவதும் இருக்கும். அன்றைக்கு மண்டபம் இல்லாத சிறிய இடமே சரி.

கடைசியாக, உங்களுக்குத் தரப்போகும் அறையின் யன்னலிலிருந்து ஒரு சிறு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேளுங்கள். ‘ஏரிக் காட்சி’ என்று தளத்தில் போட்டிருக்கும் படம் மொட்டைமாடி உணவகத்திலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். பண்பாகக் கேட்டால் நல்ல உரிமையாளர்கள் மறுப்பதில்லை. அனுப்பும் விதத்திலேயே அந்த இடத்தின் கவனிப்பும் தெரிந்துவிடும்.

எட்டாம் படி: முற்பணம்

வங்கிக் கணக்கின் பெயர் ஹோட்டலின் பெயரோடு அல்லது உரிமையாளரின் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள். சமூக வலைத்தளத்தில் மட்டும் இருக்கும், வரைபடத்தில் காணாத இடங்களுக்கு முற்பணம் வேண்டாம். ஸ்லிப்பை அனுப்பும்போது தேதி, அறை வகை, ஆட்கள், சாப்பாடு, எல்லாம் சேர்த்த தொகை, கட்டிய முற்பணம், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவதாகச் சொன்னது ஆகிய அனைத்தையும் ஒரே செய்தியில் எழுதி, “சரி” என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: போய்ச் சேர்ந்ததும்

பையைத் திறப்பதற்கு முன் அறையைப் பார்த்துவிட வேண்டும். குளியலறைக் குழாயைத் திறந்து சுடுதண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மெத்தை விரிப்பைத் தொட்டு ஈரமிருக்கிறதா என்று பாருங்கள். யன்னலும் கதவும் உள்ளிருந்து பூட்டுகின்றனவா என்பதையும் சோதியுங்கள். குறை இருந்தால் அந்த நிமிடமே சொல்லி அறையை மாற்றக் கேட்கலாம்; சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல் மாற்றிக் கொடுக்க அவர்களிடம் அறை இருக்காது. இதற்காகவே பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குள் போய்ச் சேர்வது நல்லது.

புறப்படும்போது பில்லை வாசித்து, வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்ட தொகையோடு ஒப்பிட்டு, முற்பணம் கழிக்கப்பட்டிருக்கிறதா, ‘எல்லாம் சேர்த்து’ என்று சொன்ன தொகையின் மேல் மறுபடியும் சேவைக் கட்டணம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீடு திரும்பியதும் கூகுள் மேப்ஸில் ஒரு மதிப்புரையைத் தமிழிலேயே எழுதுங்கள்: தங்கிய அறை எண், மாதம், சுடுதண்ணீர், சைவச் சாப்பாடு கிடைத்ததா, வேன் ஏறியதா ஆகிய விவரங்களோடு. அடுத்து அந்த ஊருக்குப் போகும் குடும்பம் தேடுவது அந்தத் தகவலைத்தான்.